எதிரொலி யார் குற்றம்?

நம் விடுதியின் மாடிப்படிகளில் இரவு எட்டு மணிக்கு ஏறிப் பாருங்கள். படிக்கு ஒருவராக அமர்ந்து ஊரோடு பேசிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஒருவர் தஞ்சையோடு பேசுகிறார். ஒருவர் கோவையோடு பேசுகிறார். இன்னொருவர் சிங்கப்பூரிலிருக்கும் தமையனோடு பேசுகிறார். எல்லாம் இணையத்தின் வழியே நடக்கும் பேச்சு. அஞ்சலட்டைக்குக் காத்திருந்த காலமும், தபால் நிலையத்தில் டிரங்கால் பதிவு செய்துவிட்டுக் கால் கடுக்க நின்ற காலமும் போயின. ஆனால் சற்றே செவிமடுத்தால் ஒன்று விளங்கும். அப்பேச்சிற் பாதி நலம் விசாரிப்பு, மறுபாதி, "கேட்குதா? இப்போ கேட்குதா? என் குரலே எனக்குத் திரும்பி வருதே!" என்னும் முறையீடு.

இம்முறையீட்டின் காரணத்தையும் தீர்வையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பௌதிகம் பயிலும் மாணவனாகிய நான் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இக்குறையோடு மல்லாடினேன். பிழையான இடத்திலேயே மருந்து தேடினேன். நான் பட்ட அல்லல் பிறருக்கு வேண்டாம் என்பதால் அதனையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எல்லையில் ஒரு வீடு

என் ஊர் கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கு அருகில் உள்ளது. நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை பாறசாலையைக் கடந்து களியக்காவிளையை அடையும்போது மாநிலம் மாறிவிடும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எங்கள் ஊர்களில் அதன் பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கு இருபுறமும் நடந்தே வந்தன. என் பாட்டி விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர், தமிழ் படிப்பவர். என் அம்மா படிப்பது மலையாளப் பத்திரிகை. வீட்டிற் பேசுவதோ இரண்டும் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சு.

நான் பள்ளியில் மலையாள வழியிற் படித்தவன். எனக்கு அகர முதலாக எழுத்துக் கற்பித்தவர் பாட்டியே. இன்று இச்சஞ்சிகையில் தமிழில் எழுதத் துணிந்தேன் என்றால் அது திண்ணையில் அவர் பிடித்த கையால் வந்த துணிவு. ஆதலின் இப்பல்கலைக் கழகத்திற்கு வந்த நாள் முதல் ஒவ்வோர் இரவும் பத்து நிமிடமாவது அவரோடு பேசுவது என்று வழக்கப்படுத்திக் கொண்டேன்.

சில மாதங்கள் குறையின்றிக் கழிந்தன. ஒரு நாள், "பாட்டி, சாப்பிட்டாச்சா?" என்றேன். அரை விநாடி கழித்து என் காதுக்குள் என் குரலே, "பாட்டி, சாப்பிட்டாச்சா?" என்றது. அதன்மேல் பாட்டியின் விடை வந்து விழுந்தது. அவர் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. "பாட்டி, எதிரொலிக்குது!" என்று கத்தினேன். "எனக்கு நல்லா கேக்குதே மக்களே, நீ எதுக்குச் சத்தம் போடுதே?" என்றார் அவர்.

அன்று தொடங்கியது என் பாடு. இயர்போனை மாற்றினேன். சிம்மை மாற்றினேன். செயலியை நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றினேன். மொட்டைமாடிக்கு ஏறிப் பேசினேன். கடைசியில் அறை நண்பரின் விலை உயர்ந்த கைப்பேசியை இரவல் வாங்கியும் பேசினேன். எதிரொலி என்னை விடவில்லை. பேச்சோ பத்து நிமிடத்திலிருந்து ஐந்தாகி, ஐந்திலிருந்து இரண்டாகச் சுருங்கியது.

நாக்குக் குழறுவது ஏன்?

முதலில் எதிரொலியின் இயல்பை அறிவோம். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். ஓர் ஒலி நம் செவியில் ஏற்படுத்தும் உணர்வு சுமார் பத்தில் ஒரு விநாடி நிற்கும் என்பது நாம் பள்ளியிற் படித்தது. எனவே நமக்கும் சுவருக்கும் 17 மீட்டராவது இருந்தால்தான் சென்று திரும்பும் ஒலி தனியாகக் கேட்கும். சிறிய அறையிலும் ஒலி திரும்புகிறது. ஆனால் அத்துணை விரைவில் திரும்புவதால் மூல ஒலியோடு கலந்துவிடுகிறது.

தொலைபேசியிலும் இஃதே விதி. பழைய கம்பித் தொலைபேசியில் நம் குரல் சிறிதளவு நம் செவிக்கே உடனுக்குடன் வரும். அது நமக்குத் தொல்லையாகத் தோன்றியதில்லை. தாமதம் கூடும்போதுதான் தொல்லை பிறக்கிறது. இணையப் பேச்சிலோ தாமதம் உடன்பிறந்தது. நம் குரல் பெரும்பாலும் 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது; விநாடிக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலமும் தன் வழியே சென்று சேர்கிறது. முன்பின்னாக வந்தவற்றை வரிசைப்படுத்த எதிர்முனைக் கருவி சிறிது நேரம் காத்திருக்கிறது. ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சுக்குப் பெரும்பாலும் இடையூறில்லை என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. எதிரொலியோ போகவும் வரவும் இரு வழி நடந்து வருவது. எனவே அதன் தாமதம் இரு மடங்கு.

பேசும்போது தன் குரலையே சற்றுப் பிந்திக் கேட்பவன் தடுமாறுவான். 1950ஆம் ஆண்டு பெர்னார்டு லீ என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனைச் சோதனையாற் காட்டினார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடித் தாமதத்தோடு தம் குரல் காதில் விழுமாறு செய்தபோது, திக்காதவர்களும் திக்கினர். சிலர் சொற்களை இழுத்தனர். சிலர் உரக்கக் கத்தினர். இதைப் படித்தபோது எனக்கு நாணம் ஏற்பட்டது. பாட்டியிடம் நான் கத்தியதும், சொல் குழறி எரிச்சலோடு இணைப்பைத் துண்டித்ததும் நினைவுக்கு வந்தன. என் நாவின் தடுமாற்றத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அவர் செவியில் விழுந்தது என் கோபம் மட்டுமே.

குற்றம் எந்த முனையில்?

இனிக் கட்டுரையின் கருவுக்கு வருவோம். நான் விடுதியிற் பேசுகிறேன். என் குரல் பாறசாலைக்குப் போகிறது. அங்குள்ள கைப்பேசியின் ஒலிபெருக்கி அதனை அறையில் ஒலிக்கிறது. அதே கைப்பேசியின் மைக் அறையில் உள்ள எல்லா ஒலிகளையும் வாங்குகிறது; பாட்டியின் குரலையும் வாங்குகிறது, ஒலிபெருக்கியிலிருந்து வரும் என் குரலையும் வாங்குகிறது. இரண்டும் என்னிடம் வந்து சேர்கின்றன. ஆகவே என் குரல் எனக்குத் திரும்புகிறது என்றால், அது திரும்பும் இடம் பாட்டியின் வீடு. என் இயர்போனும் என் சிம்மும் அதற்குப் பொறுப்பல்ல.

இதுவே நினைவில் நிறுத்தவேண்டிய விதி: எதிரொலி யார் காதிற் கேட்கிறதோ, அவர் கருவி பெரும்பாலும் குற்றமற்றது, எதிர்முனைக் கருவியையே ஆராய வேண்டும்.

எத்துணை எளிய விதி! ஆயினும் உலகில் பலரும் இதில் தவறுகிறோம். வலி ஒருவருக்கு, காரணம் வேறொருவரிடம். துன்புறுபவர் தம் கருவியை மாற்றிக்கொண்டே இருக்கிறார். மாற்ற வேண்டியவருக்கோ எல்லாம் நன்றாகக் கேட்கிறது. அவர் ஏன் எதையும் தொடப்போகிறார்? பாட்டி, "எனக்கு நல்லா கேக்குதே" என்று சொன்னது முற்றிலும் உண்மை. அந்த உண்மையைத்தான் நான் ஓராண்டாகப் பிடிவாதம் என்று எண்ணினேன்.

விதி தெரிந்தபின் சோதனை எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டில் இருந்தாள். நான் ஒன்று முதல் பத்து வரை எண்ணும்போது, பாதியில் அங்குள்ள மைக்கை அணைக்கச் சொன்னேன். ஐந்து வரை ஒவ்வோர் எண்ணும் இரு முறை கேட்டது. ஆறு முதல் ஒரு முறையே கேட்டது. குற்றம் எங்கள் வீட்டிலேயே என்பது உறுதியாயிற்று. உடனே, "அந்தக் கைப்பேசி பழுது, புதிது வாங்க வேண்டும்" என்று முடிவு கட்டினேன். இம்முடிவும் தவறு என்பதைப் பின்னர்க் காண்பீர்கள்.

கழிக்கும் கணக்கு

ஒலிபெருக்கியும் மைக்கும் ஒரே கருவியில் இருக்கும்போது எதிரொலி எப்போதும் எழவேண்டுமே, பிறர் வீடுகளில் ஏன் எழவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை ஒரு வியத்தகு கண்டுபிடிப்பில் உள்ளது.

நெடுந்தூரத் தொலைபேசிகளில் எதிரொலியை அடக்க 1920களிலேயே கருவிகள் வந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் வழியை அடைத்துவிடுவது அவற்றின் முறை. 1965ஆம் ஆண்டு ஏர்லி பேர்டு என்னும் செயற்கைக்கோள் வானிற் சென்றபின் அம்முறை போதவில்லை. அக்கோள் பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. குரல் ஏறி இறங்கக் கால் விநாடி. எதிரொலி திரும்ப அரை விநாடி. அத்துணைத் தாமதத்தில் வழியை அடைத்தும் திறந்தும் வந்தால் சொற்களின் தலையும் வாலும் அறுபட்டன.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் வேறு வழி கண்டனர். வழியை அடைப்பானேன்? எதிரொலியைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாமே என்றனர். கெல்லி, லோகன் என்பவர்கள் இவ்வழியில் முன்னின்றனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற் பயின்று அங்குச் சென்ற மன் மோகன் சோந்தி, தானே கற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் எதிரொலி நீக்கியைப் பற்றி 1967ஆம் ஆண்டு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் ஒவ்வொரு கைப்பேசியிலும் அக்கருத்தின் வழித்தோன்றல் இயங்குகிறது.

அதன் செயலை எண்ணெய்க் கடையைக் கொண்டு விளக்கலாம். கடைக்காரர் முதலில் வெறும் பாத்திரத்தை எடை போடுகிறார். பிறகு எண்ணெயோடு எடை போட்டுப் பாத்திரத்தின் எடையைக் கழிக்கிறார். எஞ்சுவது எண்ணெய். கைப்பேசியும் இதையே செய்கிறது. ஒலிபெருக்கியில் எதை ஒலிக்கப் போகிறோம் என்பது அதற்குத் தெரியும். அவ்வொலி இந்த அறையிற் பட்டு மைக்கில் எவ்வாறு வந்து விழும் என்பதைச் சில விநாடிகளிற் கற்றுக்கொள்கிறது. பின்னர் மைக்கில் வந்த மொத்தத்திலிருந்து அதனைக் கழிக்கிறது. எஞ்சுவது பாட்டியின் குரல்.

எடை போடும் நடுவிற் பாத்திரத்தை மாற்றினால் என்ன ஆகும்? கணக்குப் பிழைக்கும். கைப்பேசியைக் கையில் எடுத்தும் வைத்தும் பேசினால் கற்ற பாடம் பயனற்றுப் போகிறது. ஒலிபெருக்கியை முழு அளவில் வைத்து அது கரகரத்தால், ஒலித்தது ஒன்று, கணக்கில் உள்ளது வேறொன்று ஆகிவிடுகிறது. இருவரும் ஒரே நேரத்திற் பேசினால் எது யார் குரல் என்று பிரிப்பது கடினமாகிறது. அப்போதுதான் சொற்கள் பாதியில் விழுங்கப்படுகின்றன.

செம்பின் மருமம்

ஓண விடுமுறைக்கு ஊருக்குச் சென்றேன். கையில் புதிய கைப்பேசி வாங்கச் சேர்த்த பணம் இருந்தது. அன்று மாலை களியக்காவிளையிலிருந்த அத்தை, பாட்டியை இணைய அழைப்பில் அழைத்தார். பாட்டி அழைப்பை ஏற்றார். ஒலிபெருக்கியை முழுதும் திறந்தார். பின் கைப்பேசியைத் தலைகீழாகத் தூக்கி, மேசைமேல் இருந்த எவர்சில்வர் செம்புக்குள் இறக்கி வைத்தார். செம்பின் வாய்க்கு நேரே காதைக் கொடுத்துக்கொண்டு பேசலானார்.

நான் திகைத்து நின்றேன். பெரும்பாலான கைப்பேசிகளில் ஒலிபெருக்கியும் மைக்கும் அடிப்பக்க விளிம்பில் அருகருகே உள்ளன. இரண்டும் செம்புக்குள் போயின. உலோகச் சுவர் ஒலியை மீண்டும் மீண்டும் எறிந்தது. எந்த எதிரொலி நீக்கி இதைக் கழிக்கும்? பாட்டியின் குரலும் செம்பின் வாய் வழியே நுழைந்துதான் மைக்கை அடைய வேண்டும். கிணற்றுக் குரலின் காரணமும் அதுவே. இரு குறைகளுக்கும் மூலம் ஒரு செம்பு! புதிய கைப்பேசி வாங்கியிருந்தாலும் அதுவும் அச்செம்புக்குள்தான் போயிருக்கும்.

"எதுக்கு பாட்டி இது?" என்று கேட்டேன். "செம்புல இட்டா கொஞ்சம் உரக்கக் கேக்கும் மக்களே. இல்லேன்னா நீ சொல்லது ஒண்ணும் தெரியாது" என்றார். "இத நீ முன்னாடியே சொல்லலாமே?" என்றேன். "நீயே கோவத்துல பேசுதே, காதும் போச்சுன்னா பேசதையே நிறுத்திருவேன்னு நெனச்சேன்" என்றார்.

அப்போதுதான் உண்மை உறைத்தது. பாட்டிக்குச் செவிப்புலன் குறைந்து வந்தது. அதை மறைக்கச் செம்பை நாடினார். செம்பு எதிரொலியைத் தந்தது. எதிரொலி என்னைக் கத்த வைத்தது. என் கத்தலைக் கோபமென்று எண்ணி அவர் இன்னும் மறைத்தார். ஓராண்டாக அந்த எதிரொலி எனக்கு ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அதை இரைச்சலென்று தள்ளினேன்.

சேர்த்த பணத்தைச் செவி மருத்துவரிடம் கொண்டு சென்றோம். முதுமையால் வரும் செவிக்குறை என்றார் அவர். அக்குறை பெரும்பாலும் உயர்ந்த சுருதியொலிகளையே முதலில் தாக்கும். ஆதலின் குரல் கேட்கும், சொல் விளங்காது. செம்பு ஒலியைப் பெருக்கியதே அன்றிச் சொல்லைத் தெளிவாக்கவில்லை. இப்போது பாட்டி காதுக் கருவி அணிகிறார். பேசும் நேரத்தில் கைப்பேசியை மடித்த துவர்த்தின்மேல், மைக் தம்மை நோக்கியிருக்கும்படி வைத்து, ஒலியை முக்கால் அளவில் நிறுத்திப் பேசுகிறார். எதிரொலி ஒழிந்தது.

பிற குறைகள்

எல்லாக் குறையும் எதிரொலி அன்று. குரல் வெட்டுப்பட்டும் இயந்திரக் குரல் போலும் வந்தால், பொட்டலங்கள் வழியில் தொலைகின்றன என்று கொள்க. எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் கைப்பேசி ஒரு நேரம் கேரள வட்டக் கோபுரத்தையும், ஒரு நேரம் தமிழ்நாட்டு வட்டக் கோபுரத்தையும் பற்றும். மாறும் தறுவாயிற் பேச்சு அறுபடும். முற்றத்தில் உலவுவதை விட்டுப் பின்கட்டில் ஓரிடத்தில் அமர்ந்து பேசியதும் இக்குறை பெரிதும் நீங்கியது. வைஃபையிற் பேசுவோர் அதன் பெட்டிக்கு அருகில் அமர்க. அதே இணைப்பில் வேறொருவர் திரைப்படம் இறக்கினால் நம் குரல் வரிசையில் நின்று தவிக்கும். இணையப் பேச்சில் இன்று பரவலாக வழங்கும் ஓபஸ் என்னும் ஒலிச்சுருக்க முறை விநாடிக்கு 6 கிலோபிட்டிலும் குரலைக் கடத்த வல்லது. காட்சிக்கோ பன்மடங்கு வேண்டும். எனவே இணைப்பு நலிந்தால் முதலிற் காட்சியை நிறுத்துக.

நம் குரல் பிறர்க்கு மெலிந்து கேட்டால் மைக்கின் சிறு துளையைப் பாருங்கள். தூசியோ, உறையின் விளிம்போ, நம் விரலோ அதனை மூடியிருக்கக்கூடும். ஒருவர் குரல் அறவே கேட்கவில்லையெனில், செயலிக்கு மைக்கைப் பயன்படுத்தும் இசைவு தரப்பட்டுள்ளதா என்றும், பக்கத்து அறையில் கிடக்கும் புளூடூத் கருவியோடு கைப்பேசி இணைந்து கிடக்கிறதா என்றும் காண்க. ஒரே அறையில் இருவர் தனித்தனிக் கருவியில் ஒரே அழைப்பிற் சேர்ந்து ஊளையொலி எழுந்தால், ஒருவர் தம் மைக்கையும் ஒலிபெருக்கியையும் அணைத்தாற் போதும்.

செய்ய வேண்டுவன

1. எதிரொலி யாருக்குக் கேட்கிறது என்று முதலில் கேளுங்கள். உங்களுக்குக் கேட்டால் எதிர்முனையை ஆராய்க. அவருக்குக் கேட்டால் உங்கள் கருவியை ஆராய்க.

2. ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். எதிர்முனையினர் ஐந்தில் மைக்கை அணைக்கட்டும். எதிரொலி நின்றால் ஐயம் தீர்ந்தது.

3. அம்முனையில் ஒலியளவைக் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒலிபெருக்கியை விட்டுக் காதருகே வைத்துப் பேசச் சொல்லுங்கள். இயன்றால் கம்பி இயர்போன் சாலச் சிறந்தது. ஒலி அறைக்குள் வராதபோது மைக் எதை வாங்கும்?

4. கைப்பேசி எங்கே, எப்படி வைக்கப்பட்டுள்ளது என்று கேளுங்கள். செம்பு, டம்ளர், சுவர் மூலை, வெறும் மரமேசை ஆகியவற்றைத் தவிர்க்க.

5. ஒருவர் முடித்தபின் ஒருவர் பேசுக.

6. இவற்றிற்குப் பின்னும் நீங்காவிடில், அவர் வேறு கருவியிலிருந்து பேசிப் பார்க்கட்டும். புதிது வாங்குவது கடைசி வழி.

நண்பர்களே! நான்காவதை நான் முதல் நாளே கேட்டிருந்தால் ஓராண்டு வீணாகியிராது. "எங்கே வச்சிருக்கீங்க?" என்னும் ஒரு வினாவே போதுமாயிருந்தது. நம் வீடுகளில் இருக்கும் முதியோர் தம் குறையைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். நாம் படிக்கும் இடத்தில் நமக்குக் கவலை வேண்டாம் என்று மறைப்பார்கள். இன்றிரவு மாடிப்படியில் அமர்ந்து ஊரோடு பேசும்போது உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வருமானால், எரிச்சல் கொள்ளாதீர். பைய, அன்போடு கேளுங்கள்: அங்கே நான் பேசுவது விளங்குகிறதா என்று.

என் பாட்டி இப்போது இரவில் அரை மணி நேரம் பேசுகிறார். இக்கட்டுரையின் முதல் வடிவத்தைக் கைப்பேசியிற் படித்துக் காட்டியபோது இரண்டு ஒற்றுப் பிழைகளைச் செவியாலேயே கண்டு திருத்தினார். செம்பை மறுபடியும் அடுக்களைக்கு அனுப்பிவிட்டாராம்.